நாற்பத்தேழாம் கேள்வி

நாற்பத்தேழாம் கேள்வி கஸ்தூரியின் புருஷன் குப்பன். நாற்பத்தெட்டாம் கேள்வி ரோசியின் தம்பி. நாற்பத்தொன்பதில் மூன்று பேர், ஒரே போட்டில் போனவர்கள்.

இப்படி ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. முகத்துவாரத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பழவேற்காட்டு ஏரி கடலைத் தொடுகிற அந்த வாய், இந்த வருஷம் இருக்கிற மாதிரி அடுத்த வருஷம் இருக்காது. மணல் வந்து மூடும். மழைத் தண்ணீர் வந்து உடைக்கும். ஏரித் தண்ணீர் வெளியே வற்றி ஓடுகிற நேரம் பார்த்துக் கடல் அலையும் உள்ளே ஏறி வந்தால், இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில், அதிலும் ஆழம் குறைந்த நாளில், ஃபைபர் போட் கொட்டாங்குச்சி மாதிரி கவிழ்ந்துவிடும். நீந்தத் தெரிந்தவர்கள்தான், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அங்கேதான் மூழ்கிப் போனார்கள்.

அந்த வாயைத் தாண்டலாமா கூடாதா என்று சொல்லப் போனில் ஒரு செயலி செய்துகொண்டு வந்தாள் ஐஸ்வர்யா. ஆரம்பாக்கத்துப் பெண். சென்னையில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னைப் போன்ற ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள் எழுதுகிறவள். இரண்டு பஸ் மாறிக் கஸ்தூரி இருக்கிற மீனவர் குப்பத்துக்கு வருவாள்.

"சும்மா குடுக்கறதுல ஒனக்கு இன்னா கெடைக்கும்?" என்று முதல் நாளே கேட்டாள் ரோசி. கஸ்தூரி வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். கஸ்தூரியோடு ஏலக் கூடத்தில் இறால் பிரிக்கிறவள்.

"ஒண்ணும் கெடைக்காதுக்கா. யாரு வேணாலும் உள்ள பிரிச்சுப் பாக்கலாம். தப்பு இருந்தா திருத்தலாம். அதுக்காகத்தான்."

"பிரிச்சா உள்ள இன்னா இருக்கும்? எறாலா?"

ஐஸ்வர்யா சிரித்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்: "இது சரியா சொல்லுதான்னு நமக்கு எப்பிடித் தெரியும்? பரீட்சை வெக்கணும். நடந்து முடிஞ்ச நாளுங்களக் குடுங்க. அன்னிக்கிக் காத்து எப்பிடி, தண்ணி எப்பிடி, வாயில ஆழம் எவ்ளோனு நாம இதுகிட்டச் சொல்லணும். இது 'போகாதே'னு சொல்லணும். சொல்லலன்னா ஃபெயிலு. நான் திருத்தி எழுதுவேன்."

ஆண்களிடம் போனாள். செத்தவன் நாளை வாயில் எடுக்க ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. கடலுக்குப் போகிறவன் பேசக் கூடாத பேச்சு அது. அதனால் பெண்களிடம் வந்தாள். பெண்களுக்கு எல்லா நாளும் ஞாபகம் இருந்தது. கோட்டைக்குப்பம், தோணிரேவு, அப்புறம் இவர்கள் குப்பம் என்று மூன்று ஊர்ப் பெண்களும் சேர்ந்து நூற்று அறுபத்து மூன்று கேள்விகள் கொடுத்தார்கள். பிழைத்து வந்த நாட்களும் அதில் உண்டு. அவற்றுக்கு விடை 'போகலாம்'. ஆழத்தை மீட்டரில்தான் முதலில் வைத்திருந்தாள் ஐஸ்வர்யா. கஸ்தூரிதான் அதை மாற்றச் சொன்னாள். முழங்கால், இடுப்பு, மார்பு, ஆள் மட்டம் என்று வைத்த பிறகுதான் பெண்கள் டக்கு டக்கென்று சொன்னார்கள்.

எழுதியது முழுக்கக் கஸ்தூரி. நாற்பது வயதுக்கு மேல், புயல் காப்பகக் கட்டடத்தில் மத்தியான வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவள். ஐஸ் உடைத்துக் காய்ப்பேறிய விரலில் பேனா நிற்காது, நழுவும். இருந்தாலும் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். ஐஸ்வர்யா அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

"செத்தும் இவனுங்களுக்கு விடுதலை இல்லடி," என்றாள் ரோசி. "அத்தினி பேரையும் பரீட்சைக்கு ஒக்கார வெச்சிட்டா இந்தப் பொண்ணு."

ஆனால் கஸ்தூரி எழுதியது ஊருக்காக மட்டும் அல்ல.

குப்பன் போனது பதிமூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி. மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. நடுத்தர வாடைக் காற்று. தண்ணீர் வற்றுகிற நேரம். வாயில் இடுப்பளவு ஆழம். போட் தமிழ்வாணனுடையது, இன்றைக்கு ஊர்த் தலைவராக இருக்கிற அதே தமிழ்வாணன். அவர் அன்றைக்குக் கரையில் இருந்தார். போகச் சொன்னவரும் அவர்தான். உடம்பு கரை ஒதுங்கிய அன்று, சாவுப் பந்தலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "எடுப்பளவு தண்ணில எவன்டா கவுப்பான்? காலங்காத்தால ஊத்திக்கினு போனான்."

அவ்வளவுதான். குப்பன் குடிக்காதவன் என்று கஸ்தூரியும் சொல்லமாட்டாள், சாயங்காலமானால் குடிப்பான். ஆனால் அன்று விடியலில் அவள் கையால் ஊற்றிய பழையசோற்று நீச்சத்தண்ணியைத்தான் குடித்துவிட்டுப் போனான். அதை யாரிடம் சொல்வது? பத்து வயது மகன் லோகேஷ் பள்ளிக்கூடத்தில் 'குடிகாரன் பையன்' ஆனான். வளர்ந்து, வேறு போட்டில் இடம் கிடைக்காமல், அதே தமிழ்வாணன் போட்டில் வேலைக்கும் போனான்.

நாற்பத்தேழாம் கேள்வியை ஐஸ்வர்யா முதல்முதலாக ஓட்டிக் காட்டிய அன்று, திரையில் சிவப்பாக 'போகாதே' என்று வந்தது. கஸ்தூரி எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொரு தரம் ஓட்டச் சொன்னாள். மறுபடியும் போகாதே.

"குடிச்சவன் போனானா குடிக்காதவன் போனானான்னு இது கேக்கலியே, பாப்பா?"

"அது எதுக்குக்கா கேக்கும்? அன்னிக்கி யாரு போயிருந்தாலும் கவுந்திருக்கும்."

பதிமூன்று வருஷத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தை. கஸ்தூரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, லோகேஷைக் கூப்பிட்டுக் காட்டினாள்.  அன்று ராத்திரி அவன் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றான்.

பிறகுதான் உரிமம் என்கிற வில்லங்கம் வந்தது.

இந்தக் கேள்விகளை உலகத்துக்கே திறந்து வைக்கப்போகிறோம், எந்த உரிமத்தில் வைப்பதென்று எழுதியவர்கள்தான் முடிவு செய்யவேண்டும் என்றாள் ஐஸ்வர்யா. இரண்டு வகை சொன்னாள். முதல் வகையில் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், மாற்றியதைப் பூட்டியும் வைத்துக்கொள்ளலாம். எழுதியவர்கள் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது. இரண்டாம் வகையிலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் மாற்றியதை வெளியில் கொடுக்கும்போது, இதே மாதிரி எல்லோருக்கும் திறந்து காட்டவேண்டும்.

"மொதல்து அவுத்து வுட்ட போட்டு," என்றாள் ரோசி. "ரெண்டாவது கயிறு கட்டுனது. எவ்ளோ தூரம் போனாலும் இழுத்துப் பாக்கலாம்."

பெயர் ஒட்டிக்கொண்டது. கயிறு, கயிறில்லை.

கஸ்தூரிக்குக் கயிறுதான் வேண்டும். தமிழ்வாணனுக்குக் கயிறு ஆகவில்லை. மீன் வாங்குகிற கம்பெனி ஒன்று அவரிடம் பேசியிருந்தது: இந்தப் பரீட்சையை வைத்துத் தாங்களே நல்ல செயலி செய்து எல்லாப் போட்டுக்கும் கொடுப்பார்களாம், ஆனால் கயிறு இருந்தால் தொடமாட்டார்களாம்.

"நாலு பேருக்குப் போய்ச் சேர்றது நல்லதா, நம்ம நோட்டுலயே கெடக்கறது நல்லதா?" என்றார் தமிழ்வாணன். அதிலும் நியாயம் இருந்தது. தோணிரேவுக்காரர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். கோட்டைக்குப்பத்துக்காரர்கள் கயிறு பக்கம். பேச்சு முற்றியது.

அப்படி முற்றினால் ஏரிக்கரையில் ஒரே வழிதான். ஏரியில் இறால் வலை கட்டுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். இடம் கொஞ்சம், ஆள் அதிகம். அதனால் சீட்டுப் போடுவார்கள். எந்த ஊருக்கு எந்த இடம் விழுகிறதோ அந்த வருஷம் அதுதான். எதிர்த்துப் பேசினவனுக்கு அபராதம். இந்த வருஷம் கெட்ட இடம் விழுந்தவன் வாய் பேசாமல் போவான், ஏனென்றால் அடுத்த வருஷம் இடம் மாறிவரும். காலகாலமாக வெட்டுக்குத்து இல்லாமல் ஓடுவது இந்த ஒரு முறையால்தான்.

வலைக்கூடத்தில் மூன்று ஊர்க் கூட்டம் நடந்தது. ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்கார வழக்கமில்லை. கேள்வி எழுதின பெண்கள் எல்லோரும் வெளியில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். கஸ்தூரியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள், சீட்டு எழுத.

"எழுத்து அழகா இருக்கணும் கஸ்தூரி, பின்னால பேச்சு வரக் கூடாது," என்றார் தமிழ்வாணன்.

இரண்டு தாளிலும் அவளே எழுதினாள். சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். எந்த ஊரையும் சேராத ஆள் எடுக்கவேண்டும் என்பது முறை. ஐஸ் வண்டி ஓட்டிவந்த வினோத்தைக் கூப்பிட்டார்கள். அவன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தான்.

கயிறில்லை.

வெளியில் வந்த கஸ்தூரியைப் பார்த்து ரோசி, "போச்சா?" என்றாள்.

"வுடு. ஒரு வருஷந்தானே. வர்ற வருஷம் நம்ம பாடு."

அன்று ஐஸ்வர்யா வரவில்லை. ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. கஸ்தூரிதான் போன் செய்தாள்.

"கயிறில்லாததுக்கு வுழுந்துச்சு பாப்பா."

"எல்லாரும் ஒத்துக்கினாங்களாக்கா?"

"ஊரே ஒத்துக்கிச்சு."

ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று அவள் சொல்லவில்லை. பாடு விழுந்ததென்றால் இந்த வருஷத்துக்கு என்று யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? ஐஸ்வர்யா அன்றைக்கே அந்த உரிமத்தைப் போட்டுத் திறந்துவிட்டாள்.

நாலு மாதத்தில் கம்பெனியின் செயலி வந்தது. பார்க்க ஜோராக இருந்தது. போகலாம் என்றால் பச்சை மீன் துள்ளும். திறந்ததும் முதல் வரி: 'பழவேற்காடு மீனவர்கள் தந்த 163 சோதனைகளில் தேர்ச்சி பெற்றது.' கம்பெனி ஏஜெண்டே வந்து ஒவ்வொரு போனிலும் ஏற்றிக் கொடுத்தான். ஐஸ்வர்யாவின் பழைய செயலி வாரத்தில் மூன்று நாள் போகாதே என்றால், இது ஒரு நாள்தான் சொல்லும். பழையதை யாரும் திறக்காமல் விட்டார்கள்.

வருஷம் திரும்பியது. பாடுகளுக்குச் சீட்டுப் போடுகிற மாதம் வந்ததும் கஸ்தூரி அரைநாள் வேலையை விட்டுவிட்டு ஆரம்பாக்கம் போனாள். ஐஸ்வர்யா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:

"இந்த வருஷம் எங்க பாடு, பாப்பா. கயிறு கட்டிடு."

ஐஸ்வர்யாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. 

"அக்கா... இது திரும்பி வராதுக்கா. இனிமே எழுதுறதுக்குக் கயிறு கட்டலாம். போன வருஷம் குடுத்தது குடுத்ததுதான்."

"அதெப்பிடி? சீட்டுதானே போட்டோம்?"

"எங்கிட்ட நீங்க சொல்லலியேக்கா."

"நீ கேக்கலியே."

 ஐஸ்வர்யாவின் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"சரி, அவுங்ககிட்ட இருக்கறதும் நாங்க எழுதுனதுதானே," என்றாள் கஸ்தூரி கடைசியில். "போட்டுக் காட்டு. எங்காளு போன நாளப் போடு."

ஐஸ்வர்யா கம்பெனிச் செயலியைத் திறந்தாள். வாடை. நடுத்தரம். தண்ணீர் வற்றுகிறது. ஏரி நிறைந்திருக்கிறது. ஆழம் இடுப்பளவு.

பச்சை மீன் துள்ளியது. 'போகலாம். கவனம் தேவை.'

கஸ்தூரி போனை வாங்கித் தானே ஒவ்வொன்றாகத் தட்டினாள். மீன் துள்ளியது. நாற்பத்தெட்டைப் போட்டார்கள். ரோசியின் தம்பிக்கும் துள்ளியது.

"பரீட்சைல தேறுச்சுன்னு எழுதியிருக்கே?"

"விடைய மாத்திட்டாங்கக்கா. போகாதேன்னு இருந்ததப் போகலாம்னு மாத்திட்டா, இது போகலாம்னு சொன்னாலும் பாஸ்தான். போட்டு கரையில நின்னா அவங்களுக்கு மீன் வராது." ஐஸ்வர்யா தலையைக் குனிந்துகொண்டாள். "கயிறு இருந்திருந்தா, எத்தன விடைய மாத்துனாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப நாம கேக்க முடியாது."

திரையைத் தள்ளிக்கொண்டே போனாள் கஸ்தூரி. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. சோதனைகளை எழுதியவர்கள். முதல் பெயரை எழுத்துக்கூட்டவே தேவையில்லை. கஸ்தூரி குப்பன். அச்செழுத்தில் அவள் பெயரை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாக்காளர் பட்டியலில்கூட 'கஸ்துரி' என்றுதான் இருக்கும். இதில் சரியாகப் போட்டிருந்தார்கள்.

"இந்தப் பேர எடுக்கச் சொல்லு."

"கேட்டுப் பாக்கலாம்க்கா. ஆனா அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. பேர எடுக்கக் கூடாதுன்னு நாமதான் போட்டிருக்கோம். நாம போட்ட கண்டிஷனே அது ஒண்ணுதான்."

கஸ்தூரி டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

அந்த ஐப்பசியிலும் மழை பெய்தது. ஏரி நிறைந்தது. ஒரு விடியலில் கஸ்தூரி கரைக்குப் போனபோது வாடை அடித்துக்கொண்டிருந்தது, பெரிதாக இல்லை. தண்ணீர் வெளியே வற்றிக்கொண்டிருந்தது. வாயில் ஊன்றியிருந்த மூங்கிலைப் பார்த்தாள். இடுப்பளவு.

தமிழ்வாணனின் போட்டை ஆட்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லோகேஷ் போட்டின் முன்பக்கத்தில், அணியத்தில் நின்றான்.

"டேய், எறங்குடா."

"காலைலயே ஆரம்பிக்காதம்மா."

"உங்க நைனா போன நாளுடா இது. அதே காத்து. அதே தண்ணி. எறங்கு."

தமிழ்வாணன் கரையில் நின்றபடி போனை நீட்டினார். பச்சை மீன். "இத யாரு எழுதுனது கஸ்தூரி? கீழ பாரு, உன் பேருதான் இருக்குது. நீ எழுதிக் குடுத்து, நீயே வேணான்றியே?"

"நா எழுதுனது இது இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு உன் பேரு?"

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் போட்டின் விளிம்பைப் பிடித்தாள். மரத்துப்போன விரல், பிடி நிற்கவில்லை. இன்ஜின் சத்தம் கிளம்பியது. வாயில் அலை எழும்பி, போட்டின் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி, ஒரு விநாடி அப்படியே நிறுத்திவைத்தது. கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது போட் அந்தப் பக்கம் போயிருந்தது.

மத்தியானத்துக்குள் திரும்பியும் வந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்குக் கானாங்கெளுத்தி மீன். அப்படி ஒரு பிடிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கஸ்தூரியின் மனசு முதலில் நிம்மதிப்பட்டது. அது நிஜம். மகன் ஈரத்தோடு குதித்து இறங்கியதைப் பார்த்ததும் மாரியம்மனைக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் தமிழ்வாணன் குரல் கேட்டது. பெரிய சத்தமில்லை, ஏலக்காரர்களிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்.

"எடுப்பளவு தண்ணி, வாடைக் காத்து, அதே ஐப்பசி. போனானுங்க, வந்தானுங்க. அன்னிக்கே சொன்னேன், எவன் கேட்டான்? ஊத்திக்கினு போனா கொளத்துலயும் கவுந்துரும்."

 ரோசி மட்டும், "தப்பிச்சி வந்துட்டு வாயப் பாரு," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவள் தம்பிக்கும் சேர்த்துத்தான் அந்தப் பேச்சு என்று அவளுக்குத் தெரியும்.

மீனை வாங்கியது கம்பெனிதான். பிரிக்கிற வேலை கஸ்தூரிக்கு. குந்தி உட்கார்ந்து பெரிசு, நடு, பொடி என்று பிரித்தாள். ஐஸ் வந்ததும் சாக்கை விரித்து, கட்டியைப் போட்டு, மரச்சுத்தியால் உடைக்க ஆரம்பித்தாள். லோகேஷ் காலி டிரேயைக் கொண்டுவந்து எதிரில் வைத்தான். போகாமல் அங்கேயே நின்றான்.

"ம்மா."

"இன்னா."

"நைனா... அன்னிக்கிக் காலைல குடிக்கலன்னு நீ பாத்தியா? நெஜமா பாத்தியா?"

சுத்தி கையில் நின்றது. தன் கையால் ஊற்றிய நீச்சத்தண்ணியை நினைத்தாள். சொம்பு ஞாபகம் வந்தது. உப்புப் போட்டது ஞாபகம் வந்தது. அவன் குடித்த மடக்கு மடக்கு ஞாபகம் வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பிக் கரைக்குப் போகிற வரைக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தைத்தான் அவள் பார்த்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதை ஒருமுறைகூட நினைத்ததில்லை. இப்போது நினைத்துவிட்டாள்.

"டிரேய இப்பிடித் தள்ளு," என்றாள். "ஐஸு கரையுது."